ஆட்சேபணைக்குப் பத்துக் கட்டுக் கீரை

விடிவதற்குள் சரோஜினி ஆறு பாத்தி பறித்து முடித்திருந்தாள். சிறுகீரையை வேரோடு பிடுங்கி, முழங்காலில் தட்டி மண்ணை உதறி, பம்புசெட் தொட்டியில் இரண்டு முக்கு முக்கி, வாழைநாரால் ஒரு சுற்று, ஒரு முடிச்சு. பத்தொன்பது வருஷமாக அதே கை. ஒரு கட்டுக்கும் அடுத்த கட்டுக்கும் நாலு தண்டு வித்தியாசம் வந்ததில்லை.

அன்றைக்குப் பத்துக் கட்டை மட்டும் தனியாகப் பொறுக்கிக் கட்டினாள். பூச்சி அரித்த இலை ஒன்றுகூட இல்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் நிறுத்தப் போகிற மாதிரி ஈரத்துணி போர்த்தி வைத்தாள்.

பக்கத்து நிலத்தில் வெண்டைக்காய் ஒடித்துக்கொண்டிருந்த தாவீது வரப்பு மேல் வந்து நின்றான்.

"இன்னா சரோஜினி, உன் கீரைக்கு இன்னிக்கு மால போட்றாங்களாமே?"

"ஆபீசர் கண்ணால பாக்கணுமாம்ணா. இங்க விவசாயம் நடக்குதுன்னு அதான் சாட்சியாம். அவென்யூ பத்ரி சார் சொன்னாரு."

"விவசாயம் பண்றவ நீ கீறியே, அது பத்தலியா?"

திருநீர்மலை அடிவாரத்தில் அந்த நாற்பது ஏக்கரையும் சொந்தக்காரர்கள் ஒரு கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கச் சம்மதித்துவிட்டார்கள். பதினாலு மாடி, ஆறு கட்டடம். விவசாய நிலத்தை வீட்டு நிலமாக மாற்ற அரசாங்கம் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு முன் ஊர்க்காரர்களின் ஆட்சேபணையைக் கேட்க வேண்டும். காலை பதினோரு மணிக்குக் கல்யாண மண்டபத்தில் கூட்டம். சரோஜினி பயிர் வைப்பது அதில் நாற்பது சென்ட், குத்தகை. அதை ஒட்டி ரங்கா அவென்யூ குடியிருப்பின் மதில் சுவர். அவென்யூக்காரர்கள்தான் கட்டடம் வரக்கூடாது என்று ஒரு மாதமாகக் கொதித்துக்கொண்டிருந்தார்கள்.

"நீயும் வாயேன்ணா. நாலு பேரா நின்னா வெய்ட்டா இருக்கும்."

"எனக்கு வாட்ச்மேன் வேலை தர்றேன்னிருக்கான் கம்பெனிக்காரன். நா எதுக்கு?" தாவீது வெண்டைக்காய் ஒன்றின் நுனியை ஒடித்து முற்றலா என்று பார்த்தான். "பத்ரி சார் கிச்சன் கீதே, அந்த எடத்துலதான் எங்கப்பன் நெல்லு அடிச்சான். அன்னிக்கு எவன் வந்து ஆட்சேபணை சொன்னான்?"

மண்டபத்தில் கம்பெனிக்காரன் ஏசி போட்டு, டீ, சமோசா வைத்திருந்தான். அவென்யூ சங்கத் தலைவர் பத்ரிநாராயணன் பாங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். வாசலிலேயே சரோஜினியைப் பிடித்து அழைத்துப் போய், பத்துக் கட்டையும் அதிகாரியின் மேஜை மேல் தானே வரிசையாக அடுக்கினார். ஈரம் கசிந்து ஃபைலைத் தொட்டது. பியூன் வந்து கீரையை மேஜைக்கு அடியில் இறக்கி வைத்தான்.

"சார், இது இன்னிக்குக் கார்த்தால பறிச்சது," என்று பத்ரிநாராயணன் மைக்கில் ஆரம்பித்தார். "இந்த அம்மா எங்களுக்குச் சோறு போடற விவசாயி. இவா வயித்துல அடிச்சுட்டு வர்ற டெவலப்மென்ட் எங்களுக்கு வேண்டாம்."

கைதட்டல். சங்கச் செயலாளர் ஜெரூஷா டீச்சர் எழுந்தாள். தன் பிள்ளைகள் மருந்தடிக்காத கீரை சாப்பிட்டு வளர்ந்ததையும், மாடி ஜன்னலைத் திறந்தால் இந்தப் பச்சைதான் முதலில் கண்ணில் படுவதையும் சொன்னாள். சொல்லும்போது குரல் கம்மியது. வாரம் இரண்டு முறை கீரை வாங்குகிறவள். கட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, "வேர்ல மண்ணா இருக்கே, இன்னொரு பிடி போடு," என்று கேட்காமல் ஒரு நாளும் நகர்ந்ததில்லை. அவளா இது என்று சரோஜினி திரும்பிப் பார்த்தாள்.

அதிகாரி அவளைப் பார்த்தார். "நீங்கதானாம்மா விவசாயி? பட்டா யார் பேர்ல?"

"ஓனரு பேர்ல சார். மாம்பலத்துல கீறாரு. நா குத்தகை."

"குத்தகைக்குப் பத்திரம்?"

"வாய்ப்பேச்சுதான் சார். பொங்கலுக்குப் பொங்கல் குடுத்துருவேன்."

பக்கத்திலிருந்த கிளார்க் ஃபைலைப் புரட்டினான். "அந்த சர்வே நம்பருக்கு ஓனர் சம்மதக் கடிதம் வந்தாச்சு சார்."

"சரி, உக்காருங்கம்மா," என்றார் அதிகாரி. எதுவும் எழுதிக்கொள்ளவில்லை.

பிறகு பத்ரிநாராயணன் ஆட்சேபணைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பதினாலு மாடி வந்தால் அவென்யூவுக்கு வெயில் வராது. மழைத் தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பும். ரோடு இருபது அடிதான். சாக்கடை எங்கே போகும்? கம்பெனி சார்பில் வந்திருந்த ஷ்யாம்சுந்தர் முப்பது வயதுப் பையன். ஒன்றுக்கும் மறுத்துப் பேசவில்லை. தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டான். அவன் முகத்தில் அவ்வளவு நிம்மதி ஏன் என்று சரோஜினிக்கு முதலில் புரியவில்லை.

கீரை விற்கப் போகிற தெருக்களில், கூடையைப் பார்த்து "அடடா, ஃப்ரெஷ்ஷா இருக்கே," என்று சொல்கிறவர்களை அவள் நம்புவதில்லை. அவர்கள் பாராட்டிவிட்டுப் போய்விடுவார்கள். வாடியிருக்கிறது, பூச்சி இருக்கிறது, கட்டு சின்னது என்று ஆரம்பிக்கிறவர்தான் வாங்கப் போகிறவர். குறை எவ்வளவு நீளமோ, பை அவ்வளவு சீக்கிரம் திறக்கும்.

"வரவே கூடாதுங்கறதுதான் எங்க ஸ்டாண்ட்," என்றார் பத்ரிநாராயணன். தண்ணீர் குடித்தார். "அப்படி ஒருவேளை வந்தா..."

சரோஜினி நிமிர்ந்தாள். வேண்டாம் என்று பத்தடி போய்விட்டுத் திரும்பிப் பார்க்கிற ஆள்.

"...அட்லீஸ்ட் எங்க காம்பவுண்டை ஒட்டி இருக்கற போர்ஷன்ல கட்டக் கூடாது. எங்களுக்கு வெளிச்சம் வேணும், பசுமை வேணும். அந்தப் பக்கம் ஒரு கேட்டும் வேணும்."

ஷ்யாம்சுந்தர் உடனே வரைபடத்தை விரித்தான். உடனே விரிக்கிற மாதிரி தயாராக மடித்து வைத்திருந்தான். "சார், ரூல்படி எப்படியும் பத்து பர்சென்ட் திறந்த வெளி விடணும். அதை உங்க சுவரை ஒட்டியே விட்டுடறோம். பார்க், வாக்கிங் ட்ராக். உங்களுக்கும் கேட் சாவி. ஓகேவா டீச்சர்?"

ஜெரூஷா பத்ரிநாராயணனைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ட்ராக் கான்கிரீட் வேண்டாம். முட்டிக்கு ஆகாது. மண் ட்ராக்கா போடுங்கோ."

"சார்," என்று சரோஜினி எழுந்தாள். "அது என் பாத்தி சார்."

மைக் அவளிடம் இல்லை. ஷ்யாம்சுந்தரின் பச்சைப் பேனா மதிலை ஒட்டி ஒரு நீள்சதுரம் வரைந்தது. பம்புசெட் தொட்டி அதன் நடுவில் விழுந்தது.

வெளியே வெயிலில் பத்ரிநாராயணன் அவள் தோளைத் தட்டாத குறையாக நின்றார். "உன் நிலத்துல ஒரு செங்கல் விழாது சரோஜினி. நான் விடலே பாத்தியா?"

"நா கீரை போட்டுக்கலாமா சார் அங்க?"

"அதெப்படிம்மா, பார்க் ஆச்சே," என்றார். ஜெரூஷா டீச்சர் கைப்பையில் எதையோ தேடினாள்.

சரோஜினி கீரையை எடுக்கத் திரும்பியபோது பியூன் பத்துக் கட்டையும் அதிகாரியின் ஜீப்பின் பின்பக்கம் ஏற்றிக்கொண்டிருந்தான். துணியை மட்டும் மடித்துக் கொடுத்தான்.

அடுத்த வருஷம் ஐப்பசியில் முதல் கட்டடம் ஒன்பதாவது மாடி ஏறியிருந்தது. ஃப்ளாட் பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காகப் பூங்காவை முந்திக்கொண்டு முடித்துவிட்டார்கள். தாவீது நீலச் சட்டையும் விசிலுமாக கேட்டில் நின்றான். அவன் சொல்லித்தான் கான்ட்ராக்டர் சரோஜினியைப் புல் பராமரிக்கும் கூலிக்கு எடுத்திருந்தான்.

மூன்று நாள் மழை விட்டதும், கட்டம் கட்டமாகப் பதித்த புல்லுக்கு நடுவே சிறுகீரை முளைத்துக் கிளம்பிவிட்டது. அடியில் கிடந்த விதை. எங்கே பாத்தி இருந்ததோ அங்கே கோடு பிடித்த மாதிரி வரிசையாக.

"களை எல்லாம் மத்தியானத்துக்குள்ள கிளியர் ஆவணும்," என்றான் சூப்பர்வைசர். "ஃப்ளாட் பாக்க ஆள் வருது."

சரோஜினி குந்தி உட்கார்ந்து பிடுங்க ஆரம்பித்தாள். பிடுங்கியதை வாளியில் போட்டாள். நாலாவது வாளி நிறையும்போது மண் பாதையில் ஜெரூஷா டீச்சர் வெள்ளை ஷூவில் வந்துகொண்டிருந்தாள். புல்லைச் சுற்றிச் சங்கிலி கட்டி, 'புல்தரையில் நடக்காதீர்' என்று பலகை வைத்திருந்தார்கள். சங்கிலிக்கு அந்தப் பக்கமே நின்றாள்.

"சரோஜினி, நம்ம சிறுகீரைதானே அது? ஆப்ல நாப்பது ரூபாய்க்கு வாடினதா அனுப்பறான். குப்பையிலயா போடப் போறே? எனக்குக் கொஞ்சம் குடேன்."

சரோஜினி வாளியிலிருந்து ஒரு கை அள்ளினாள். முழங்காலில் தட்டி உதறினாள். முக்கி எடுக்கத் தொட்டி இல்லை, நாரும் இல்லை. நீளமாக ஒரு புல்லைக் கிள்ளி, ஒரு சுற்று, ஒரு முடிச்சு. எழுந்து போய்ச் சங்கிலிக்கு மேலாக நீட்டினாள்.

ஜெரூஷா வாங்கி இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தாள்.

"வேர்ல மண்ணா இருக்கே," என்றாள். "இன்னொரு பிடி போடேன்."

சரோஜினி திரும்பிப் போய்ப் புல்லில் குனிந்தாள்.