துணி ஏரிப் பக்கம் பறந்தால்

வெள்ளிமடை ஏரிக்கரைக் கூடார முகாமில் அடுப்புக்கு ஒரே ஒரு சட்டம்தான். கம்பத்தில் கட்டிய சிவப்புத் துணி ஏரிப் பக்கம் பறந்தால் அடுப்பு எரியலாம். மலைப் பக்கம் பறந்தால் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட வேண்டும். பாதி வெந்த சோறானாலும் சரி, கொதிக்காத பாலானாலும் சரி.

காலையில் காற்று சரிவிலிருந்து ஏரிக்கு இறங்கும். அப்போது பறக்கிற பொறி தண்ணீரில் விழுந்து அவிந்துபோகும். வெயில் ஏறியதும் காற்று திரும்பிக்கொண்டு ஏரியிலிருந்து சரிவுக்கு ஏறும். அந்தக் காற்றுக்காகத்தான் மெட்ராசிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஜீப்பின் தலையில் பலகையையும் பாயையும் கட்டிக்கொண்டு அத்தனை பேர் வந்தார்கள். பலகையில் நின்று, படகுக்குப்போல அதில் நட்ட பாயைக் கையால் பிடித்து, தண்ணீர் மேல் சறுக்கிக்கொண்டே போவார்கள். அவர்கள் கூச்சல் போட்டுச் சந்தோஷப்படும் நேரத்தில்தான் இராசாத்தி சரிவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பாள். முகாமுக்குப் பின்னால் சரிவு முழுக்கக் காய்ந்த புல். புல்லுக்கு மேலே சோலைக்காடு.

முகாமைப் பார்த்துக்கொள்வது இராசாத்தியின் வேலை. போன வருஷம் யாரோ ஒருவன் கூடாரத்துக்கு வெளியே தீ மூட்டிக் குளிர்காய்ந்ததில் சரிவில் ஒரு துண்டு கருகிப்போனது. அன்றைக்கு வனத்துறை ரேஞ்சர் சேனாதிபதி வந்து நின்று, சத்தம் போடாமல் ஒன்று சொல்லிவிட்டுப் போனார்.

"இன்னொரு தடவை இந்தச் சரிவுல கருப்புத் தெரிஞ்சா முகாம் கெடையாது. கூடாரத்தைச் சுருட்டிக்கிட்டுப் போயிர வேண்டியதுதான்."

முகாம் போனால் வேலை போகும். சாமான் அறையை ஒட்டிய தகரக் கூரை வீடும் போகும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லய வரிசை வீட்டில் பிறந்து, கப்பலேறி வந்து, மண்டபம் முகாமில் காத்துக் கிடந்து, பிறகு வாட்டில் மரத்தில் பட்டை உரித்துக்கொண்டு கூலிக் கொட்டகையில் பத்துப் பேரோடு படுத்தவள் அவள். உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிற கதவு அவளுக்கு இங்கேதான் முதல்முதலாகக் கிடைத்தது.

எண்பத்து நான்காம் வருஷம் ஏப்ரலில், பாய்ப்பலகைப் பந்தயத்துக்கு முதல் நாள் காலை, மெட்ராஸ் லீலா அவளைத் தேடி வந்தாள். போன மூன்று சீசனாக வருகிற கல்லூரிப் பெண். இந்தத் தடவை மஞ்சள் நிறத்தில் புதுப் பாய் கொண்டுவந்திருந்தாள்.

"அக்கா, அந்தக் கம்பத்தைப் பிடுங்கி அந்தப் பாறை முனையில நட்டுக்கலாமா? தண்ணில இருந்து பாத்தா துணி தெரியவே மாட்டேங்குது. நாளைக்கு ரேஸ் அங்கதான் ஸ்டார்ட்."

இராசாத்தி யோசித்தாள். பாறை முனை கூப்பிடு தூரம்தான். அதே காற்று, அதே துணி. எங்கே நட்டால் என்ன?

"கொண்டுபோங்க பிள்ள. ஆனா துணி எனக்கு இங்கயிருந்து தெரியணும், விளங்குதா?"

அவளே ஒரு கையைக் கொடுத்துக் கம்பத்தைப் பிடுங்கிவிட்டாள்.

உச்சி வேளையை ஒட்டி ஒரு பெங்களூர் ஜீப் வந்து சேர்ந்தது. மலைப்பாதையில் வண்டி பழுதாகி, விடியற்காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்திருந்தார்கள். சமையல் ஜலீல் அவர்களைப் பார்த்துவிட்டு அகப்பையோடு வந்தார். செண்பகனூரில் சாலையோரம் கடை வைத்திருப்பவர். சீசனில் கடையை மனைவி ரபியாவிடம் விட்டுவிட்டு முகாமுக்கு வந்துவிடுவார்.

"இராசாத்தி, ஒரு ஒலை போட்டுறவா? பாவம், மொகமெல்லாம் வாடிக் கெடக்கு."

"நேரமாச்சேண்ணே."

"நேரத்தையா பாக்குற? துணியப் பாரு தாயி."

பார்த்தாள். பாறை முனையில் துணி ஏரிப் பக்கம்தான் பறந்துகொண்டிருந்தது. ஆனால் கன்னத்தில் ஏதோ ஈரமாய் ஒரு குளிர்ச்சி பட்டது. ஏரிப் பாசியின் வாடை மூக்கில் ஏறியது. ஒரு கணம் நின்றாள். தன் கன்னத்தைவிடத் துணியை நம்பித்தான் அவளுக்குப் பழக்கம். சட்டமும் துணியைத்தான் சொல்லியது.

"போடுங்க. வெரசா எறக்கிருங்க."

"வெரசான்னா? சோறு என்ன டவுன் பஸ்ஸா, விசிலடிச்சதும் கெளம்ப?"

அவள் கூடாரங்களின் கயிறுகளை இறுக்கப் போனாள். கடைசிக் கூடாரத்தில் முளையை அடித்துவிட்டு நிமிர்ந்தபோது, அடுப்புப் புகை சாய்ந்து சரிவின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. துணியைப் பார்த்தாள். துணி ஏரிப் பக்கம். புகையைப் பார்த்தாள். புகை மலைப் பக்கம். இரண்டும் ஒரே காற்றாக இருக்க முடியாது.

அப்போதுதான் உறைத்தது. முனையின் பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் பாறைச் சுவர். அதில் மோதிய காற்று சுழன்று திரும்பித் துணியை ஏரிக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. முனைக்குத்தான் அந்தக் காற்று, முகாமுக்கு இல்லை.

"அண்ணே, ஊத்துங்க! அடுப்புல ஊத்துங்க!"

ஜலீல் குடத்தைத் தூக்குவதற்குள் யூக்கலிப்டஸ் சுள்ளி ஒன்று படாரென்று வெடித்தது. பொறி எழும்பி வளைந்து புல்லில் இறங்கியது. முதலில் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு புல் தானாகவே கருத்துச் சுருள்வதுபோல ஒரு வட்டம் விரிந்தது. வெயிலில் தீயின் நிறம்கூடத் தெரியவில்லை. சடசடப்பு மட்டும் கேட்டது.

இராசாத்தி வாளியோடு ஓடினாள். ஒரு வாளி, இன்னொரு வாளி. தண்ணீர் விழுந்த இடம் அவிந்தது, பக்கத்து இடம் பிடித்தது. தண்ணீரில் நின்றிருந்த லீலா பலகையை விட்டுவிட்டுக் கத்தினாள்.

"பாய்! பெரிய படகோட பாயை நனைச்சுக் கொண்டுவாங்க!"

முகாமின் பழைய படகுக்குக் கெட்டி கித்தான் பாய். நான்கைந்து பேர் அதை ஏரியில் முக்கி, செத்த மாட்டை இழுப்பதுபோல இழுத்துக்கொண்டு சரிவில் ஏறினார்கள். தீயின் முகப்பில் போட்டு மூடி, மேலே ஏறி மிதித்தார்கள். ஆவி சீறியது. இழுத்து இன்னொரு பக்கம் போட்டார்கள், மறுபடி மிதித்தார்கள். சடசடப்பு நின்றது. சரிவில் மூன்று கூடார அகலத்துக்குக் கருப்பு.

கீழே வளைவில் ஜீப் சத்தம் கேட்டது. அந்த உறுமலை இராசாத்தி தூக்கத்தில்கூட அடையாளம் சொல்வாள். ரேஞ்சர்.

ஜலீல்தான் முதலில் வாயைத் திறந்தார். "பாயை அது மேலயே விரிங்க. காயப்போட்ட மாதிரி இருக்கட்டும். ஏலே, நிக்காதீங்கடா, உங்க பாயெல்லாம் கொண்டாங்க!"

இராசாத்தி வேண்டாம் என்று சொல்லவில்லை. கதவின் தாழ்ப்பாள்தான் அவள் கண்ணுக்குள் நின்றது. ஓரங்களில் கல்லைத் தூக்கி வைத்தவளும் அவள்தான். நீலம், வெள்ளை, எல்லாவற்றுக்கும் மேலே லீலாவின் மஞ்சள். கருப்பு மறைந்தது.

சேனாதிபதி இறங்கி வந்து, சரிவைப் பார்த்துச் சிரித்தார். "என்ன இராசாத்தி, சலவைத் தொறை ஆக்கிட்டியா?"

"நாளைக்குப் பந்தயங்க ஐயா. காயப் போட்டிருக்காங்க."

"கருகுன வாடை வருதே?"

"சோறு அடிபிடிச்சிருச்சுங்க," என்றார் ஜலீல். "இன்னைக்கு எம் பொழப்பே அடிபிடிச்சுப் போச்சு."

"உம்ம கைக்கு அது புதுசா? தேத்தண்ணியாவது ஒழுங்காக் குடும்."

தேத்தண்ணி என்ற இராசாத்தியின் இலங்கைச் சொல்லை அவர் கேலிக்கு எடுத்துக்கொள்வது வழக்கம். காலையில் போட்டு வைத்த ஃபிளாஸ்கிலிருந்து ஜலீல் தேநீர் ஊற்றினார். ரேஞ்சர் சரிவுக்கு முதுகைக் காட்டி ஏரியைப் பார்த்து உட்கார்ந்தார். எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள், பந்தயம் எப்போது முடியும் என்று கேட்டார். இராசாத்தி பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். இந்த ஒரு கிளாஸ்தான்.

மஞ்சள் பாயின் மேல் ஓரத்தில் நூல்போல ஒரு புகை எழுந்தது.

அவள் இமைத்துப் பார்த்தாள். புகைதான். புல்லின் வேரில் கங்கு கனிந்துகொண்டிருந்தது. பாயைப் போட்டு மூடியதால் யாரும் அதைத் தேடி அணைக்கவில்லை. காற்று இப்போது நன்றாகவே ஏறியது. பாய்கள் கற்களுக்கு அடியில் படபடத்தன. ஜலீலும் பார்த்துவிட்டார். கண்ணாலேயே, இரு, இரு என்றார். லீலா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் அரைக் கிளாஸ் ஊத்தும்," என்றார் ரேஞ்சர்.

நூல் கயிறானது. அவர் போகட்டும், போனதும் ஓடிப்போய் ஊற்றிவிடலாம் என்று நினைத்தாள். அரைக் கிளாஸ் எவ்வளவு நேரம்? மஞ்சள் பாயில் ஒரு ஓட்டை பழுப்பாக விரிந்தது. அதற்கு மேலே தொடாத புல், அதற்கு மேலே சோலை.

"ஐயா, எந்திரிங்க," என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. "ஒங்களுக்குப் பின்னால புகையுது."

சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கல்லை உதைத்துப் பாயை இழுத்ததும் காற்று உள்ளே புகுந்தது. கங்கு சிவந்து மூச்சு விட்டது. வாளியைக் கவிழ்த்தாள். பக்கத்தில் இன்னொரு கங்கு. திரும்பியபோது ரேஞ்சர் ஜீப்பிலிருந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவள் தோளருகே நின்று வேரோடு வெட்டிப் புரட்டிக்கொண்டிருந்தார். பாய்களை ஒவ்வொன்றாக விலக்கி, கருப்பு முழுவதையும் கொத்தி நனைத்தார்கள்.

முடிந்ததும் அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"யாரு அடுப்பை எரியவிட்டது?"

ஜலீல் வாயெடுத்தார். இராசாத்தி முந்திக்கொண்டாள். "நாந்தாங்க எரியட்டும்னேன்."

"கம்பத்தை நகத்தக் கேட்டது நான், சார்," என்றாள் லீலா.

"கேட்டது அவங்க. பிடுங்கிக் குடுத்தது நான்."

"பாயை விரிக்கச் சொன்னது?"

"கல்லு வச்சது நான்," என்றாள் இராசாத்தி.

அவர் தலையைத் தூக்கிச் சோலையைப் பார்த்தார்.

"நான் டீயைக் குடிச்சிட்டுப் போயிருந்தா..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. "முகாமைக் காலி பண்ணுங்க. இன்னைக்கே. மழை வர்ற வரைக்கும் ஒருத்தரும் இங்க தங்கக் கூடாது."

"சார், நாளைக்கு ரேஸ்..." என்றான் ஒருவன். அவர் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

இராசாத்தி வாளியைக் கீழே வைத்தாள். "நானும் போகணுமாங்க?"

"நீ போயிட்டா இதை யாரு பாக்குறது? வேர்ல இன்னும் எங்க கனியுதுன்னு யாருக்குத் தெரியும்? மூணு நாளைக்கு இந்தச் சரிவை விட்டு எறங்காத." ஜீப்பில் ஏறியவர் நின்றார். "மழைக்கப்புறம் முகாமைத் தொறக்கலாமா வேண்டாமான்னு இப்ப என்னைக் கேக்காத. எனக்கே தெரியல."

மாலைக்குள் ஜீப்புகள் போய்விட்டன. ஜலீல் பாத்திரங்களைக் கட்டிக்கொண்டு கடைசி ஜீப்பில் தொற்றிக்கொண்டார். லீலா ஓட்டை விழுந்த மஞ்சள் பாயைச் சுருட்டும்போது இராசாத்தியின் கையைப் பிடித்தாள். பிறகு ஜீப்பில் ஏறிக்கொண்டாள். அந்த சீசனிலேயே நல்ல காற்று அன்றைக்குத்தான் அடித்தது. ஏரியில் ஒரு பாய்கூட இல்லை.

இராசாத்தி பாறை முனைக்குப் போய்க் கம்பத்தைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். அணைந்த அடுப்புக்குப் பக்கத்தில், பழைய குழியிலேயே நட்டு மண்ணை மிதித்தாள். துணி ஒரு தடவை உதறிக்கொண்டு மலைப் பக்கம் திரும்பிப் பறந்தது. முகத்தை ஏரிக்குக் காட்டி நின்று பார்த்தாள். கன்னத்திலும் அதே காற்றுதான்.

வாளிகளை நிரப்பிக்கொண்டு சரிவில் ஏறி, கருப்பின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.