தோல்முட்டை

குழாயடியில் குந்தி உட்கார்ந்து, வினிகரில் ஊறிய முட்டையைப் பெருவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார் வெல்டர். ஓடு கரைந்து வெள்ளை மாவாக வழிந்தது. இரும்பைப் பிடித்தே காய்த்துப்போன விரல்கள். கொஞ்சம் அழுத்தினால் போச்சு. முந்தைய முட்டை அப்படித்தான் உடைந்தது. மகள் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் வீட்டில் இதைச் செய்து காட்டியிருக்கிறாள். "சாப்பிடுற பொருளை வீணாக்காதே" என்று அன்றைக்குத் திட்டியவர் இவர்தான்.

முன்னறையிலிருந்து மனைவி கூப்பிட்டாள். குரல் என்று சொல்வதற்கில்லை, மூச்சோடு ஒட்டிக்கொண்டு வந்த சொல்.

"என்னங்க... போட்டுடுச்சா?"

"இந்தா, வர்றேன்."

கொல்லைப்புறத்தில் கோழிக்கூடு காலியாகக் கிடந்தது. அவளை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது தெருநாய்கள் கம்பிவலையைப் பிய்த்துக்கொண்டு புகுந்துவிட்டன. செவலை, கருப்பி, மொட்டைக்கழுத்து, ஒன்றும் மிஞ்சவில்லை. இறகுகளைக் கூட்டி அள்ளிப் புதைத்துவிட்டு அவர் ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது, "இனி வீட்டுலயே வச்சுப் பாத்துக்கங்க" என்றார் டாக்டர். எந்தத் துக்கத்தை எதற்கு முன்னால் சொல்வது? ஒன்றையும் சொல்லாமல் அவளைக் கூட்டிவந்து, காற்று வரட்டும் என்று சாக்குச் சொல்லித் தெருப்பக்கத்து அறையில் கட்டிலைப் போட்டார்.

பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தவள் அவள். "அங்க எல்லாம் ஒரே அச்சு. கொஞ்சம் கோணினாலும் தூக்கி எறிஞ்சுடுவாங்க. இதுங்கதான் மனசு போன போக்குல போடுதுங்க" என்பாள். மஞ்சள்கரு இல்லாத குட்டி முட்டை, இரட்டைக்கரு முட்டை, கிழவியின் கன்னம்போல் சுருங்கிய முட்டை, எது கிடைத்தாலும் உள்ளங்கையில் ஏந்திவந்து, அவர் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றும்வரை எதிரே காத்து நிற்பாள். பார்த்துவிட்டு "ம்" என்பார். அவ்வளவுதான். நாளெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டுகிறவருக்கு வாயைத் திறப்பதுதான் பெரிய பாடு.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில், "இன்னைக்கு என்ன போட்டுச்சு?" என்று படுத்தபடியே கேட்டாள். உண்மை நாக்கு நுனிவரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது.

"செவலை... கோலிக்குண்டு மாதிரி ஒண்ணு."

"மறுபடியுமா? அப்புறம்?"

அந்த "அப்புறம்" அவரை விடவில்லை. அன்றிலிருந்து கோழிகளுக்குப் பதிலாக அவரே தினமும் ஒரு முட்டை இட்டார். வெள்ளரிக்காய்போல் நீண்டது, முட்டைக்குள் முட்டை, கருப்பி தான் போட்ட முட்டையைப் பார்த்துத் தானே பயந்து கூரைமேல் ஏறிக்கொண்ட கதை. வேலை செய்யும்போதும் நாளைக்கு என்ன சொல்லலாம் என்றே மனம் ஓடியது. அவள் சிரிப்பாள், சிரித்தால் இருமல் வரும், இருமிக்கொண்டே "அப்புறம்?" என்பாள்.

கடைசியில் வாய்தான் மாட்டிவிட்டது. "ஓடே இல்லாம, வெறும் தோலோட ஒண்ணு" என்றுவிட்டார்.

"தோல்முட்டையா! அடுத்த தடவை போட்டா கொண்டாங்க. நான் கையில வச்சுப் பாக்கணும்."

இப்போது அதைத் துடைத்து எடுத்துவந்து அவள் உள்ளங்கையில் வைத்தார். ஜன்னல் வெளிச்சம் முட்டைக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. மஞ்சள்கரு உள்ளே மெல்ல அசைந்தது. அவள் அதை முகத்தருகே கொண்டுபோனாள். எத்தனை கழுவியும் வினிகர் வாடை போகவில்லை என்று அவருக்கே தெரிந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் முட்டையைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தாள்.

"பாவம்... ரொம்பக் கஷ்டப்பட்டுப் போட்டிருக்கு."

"ம்."

"உக்காருங்க. அப்புறம்?"

உட்கார்ந்தார். "அப்புறம் என்ன, செவலைக்கு ஒரே வெக்கம். தோலோட போட்டுட்டமேன்னு மூலையில போய்த் திரும்பி நின்னுக்கிச்சு. கருப்பி சும்மா இருப்பாளா? மொட்டைக்கழுத்தைக் கூட்டிட்டு வந்து காட்டுறா. அது தன் கழுத்தையும் முட்டையையும் மாறி மாறிப் பாத்துட்டு, 'ஐயோ, இது என் பிள்ளை'ன்னு..."

நிறுத்தினார். அவள் கேட்பதற்காகக் காத்திருந்தார். முட்டை அவள் கையிலிருந்து நழுவி, உடையாமல் போர்வை மடிப்பில் போய் நின்றது.

"அப்புறம்..." என்று அவரே ஒருமுறை சொன்னார்.

பக்கத்துவீட்டுத் தையல்காரி வந்துதான் திறந்திருந்த அவள் கண்களை மூடிவிட்டாள்.

வெளியூரில் டீச்சராக இருக்கும் மகள் மத்தியானம் வந்து சேர்ந்தாள். அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுது ஓய்ந்து, முகம் கழுவக் குழாயடிக்குப் போனவள் அப்படியே திரும்பி வந்தாள்.

"அப்பா, கூடு காலியாக் கெடக்கு! கோழியெல்லாம் எங்க?"

அவர் பதறி எழுந்து உதட்டில் விரலை வைத்தார். "மெதுவாப் பேசும்மா. அம்மா காதுல விழுந்துடப் போகுது."

அறையில் அழுதுகொண்டிருந்தவர்கள்கூட அழுகையை நிறுத்தினார்கள். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தையல்காரிதான் அவரைக் கையைப் பிடித்துச் சமையலறைப் பக்கம் கூட்டிப்போனாள்.

"அண்ணே, அக்காவுக்குத் தெரியும்."

அவர் நிமிர்ந்தார்.

"வந்த நாலாம் நாளே என்னைக் கூப்பிட்டுக் கேட்டாங்க. 'ஒரு கொக்கரிப்பைக் காணோம், கோழி இல்லதானே'ன்னு. நான் முழிச்ச முழியிலயே புரிஞ்சுக்கிட்டாங்க. 'அவருகிட்ட மூச்சு விடாதே. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல மனுஷன் இப்பத்தான் பக்கத்துல உக்காந்து பேசுறாரு. தெரிஞ்சா நிறுத்திடுவாரு'ன்னாங்க."

வெல்டர் அடுப்பு மேடையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். பிறகு முன்னறைக்குப் போனார்.

வண்டி வரும்வரை உட்காரட்டும் என்று யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். அவர் தரையில், அவள் தலைமாட்டில் உட்கார்ந்தார். அவள் நெற்றியில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. கையை வீசினார். பறந்துபோய் ஜன்னல் கம்பியில் உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது. மறுபடி வீசினார்.