பாலில் விஷம் கலந்தது யார்

கீழப்பழுவூர் வைத்திலிங்கம் இரண்டாம் தாரம் கட்டிக்கொண்டு வந்தபோது, மூத்தவள் சுந்தராம்பாள்தான் ஆரத்தி எடுத்தாள். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் அவளுக்குக் குழந்தை இல்லை. நிலபுலம் இருக்கிறது, ஆள ஒரு பிள்ளை வேண்டாமா என்று பங்காளிகள் கேட்டார்கள். அவளும் சரி என்றாள். ஆரத்தித் தண்ணீரைத் தெருவில் ஊற்றிவிட்டு உள்ளே போனவள், அதற்குப் பிறகு வந்தவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

வந்தவள் பெயர் புஷ்பவல்லி. பத்தொன்பது வயது. அரியலூர் டவுனில் பிறந்து வளர்ந்தவள். அப்பா ரயிலடிப் பார்சல் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து, யுத்தம் தொடங்கிய வருஷம் காய்ச்சலில் போய்விட்டார். அம்மா முன்பே இல்லை. மாமாதான் இந்த இடத்தைப் பேசி முடித்தார். மூத்தவள் இருக்கிறாள் என்று தெரிந்தேதான் புஷ்பவல்லி சம்மதித்தாள். ஆனால் ஒருத்தியின் முகத்தைப் பார்க்காமலே இன்னொருத்தி மாதக்கணக்கில் அவளுக்குச் சோறு போட முடியும் என்று அவளுக்குத் தெரியாது.

"அந்தப் பொண்ண எலை போட்டுக்கச் சொல்லு" என்று சுந்தராம்பாள் வேலைக்காரியிடம் சொல்வாள். அந்தப் பொண்ணு பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருக்கும்.

புஷ்பவல்லியின் தகரப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் சில நாவல்கள் இருந்தன. எல்லாம் அமிர்தகடேசன் எழுதியவை. அந்த நாளில் துப்பறியும் கதை என்றாலே அமிர்தகடேசன்தான். ரயில் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தால் யாராவது ஒருவர் கையில் அவர் புத்தகம் இருக்கும். அவருடைய துப்பறியும் நிபுணர் தில்லைநாயகம் துப்பாக்கி தூக்குகிறவர் அல்ல. வெற்றிலை போட்டபடி, கொலை நடந்த வீட்டின் சமையல்கட்டில் போய் உட்கார்ந்து, நேற்று ரசத்துக்கு என்ன தாளித்தாய் என்று கேட்கிற ஆள். புஷ்பவல்லியின் அப்பா வேலை முடிந்து வந்து சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொள்வார். மகள் உரக்கப் படிக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் அவளுக்கு மனசுக்குள் படிக்கவே வராது. மத்தியானம் வீடு ஓய்ந்த பிறகு தன் அறையில் உட்கார்ந்து, அப்பா எதிரே இருப்பது போலப் படித்துக்கொண்டிருப்பாள்.

அந்த அறைக்கு அடுத்தது நெல் குதிர் வைத்திருக்கும் அறை. ஒரு நாள் சுந்தராம்பாள் அங்கே உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். சுவருக்கு அப்பாலிருந்து அந்தப் பெண்ணின் குரல் வந்தது.

"பாலில் விஷம் கலந்தவர் வெளியிலிருந்து வரவில்லை. இந்தக் கூரைக்கு அடியில்தான் இருக்கிறார்."

சுந்தராம்பாளின் கையில் முறம் அப்படியே நின்றது. அந்த வீட்டில் பால் காய்ச்சுகிறவள் அவள்தான். முறத்தைக் கீழே வைத்துவிட்டு நேரே அடுத்த அறை வாசலில் போய் நின்றாள்.

"யாருடி பால்ல விஷம் கலந்தது? யார்கிட்ட சொல்லிக்கிட்டிருக்க?"

புஷ்பவல்லி புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். மூத்தவள் அவளிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"இங்க இல்லீங்க அக்கா. கதையில."

"கதையா?"

புஷ்பவல்லி அட்டையைக் காட்டினாள். ஒரு வெள்ளி டம்ளர், அதன் பின்னால் ஒரு நிழல். சுந்தராம்பாளுக்குப் படிக்கத் தெரியாது. படத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டுத் திரும்பினாள். இரண்டடி வைத்தவள் திரும்பி வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யாருக்கு வெச்சாங்க?"

"ஒரு மிராசுதாருக்குங்க."

"செத்துட்டாரா?"

"செத்துட்டாருங்க."

"யாரு வெச்சா?"

"தெரியலீங்க. இன்னும் பாதிக்கு மேல இருக்கு."

சுந்தராம்பாள் போய் முறத்தை எடுத்துவந்து வாசற்படிக்கு வெளியே உட்கார்ந்தாள்.

"எனக்குப் பொடைக்கிற வேலை இருக்கு. நீ படி. மொதல்லேருந்து படி."

உளுந்து முடிந்தது. மறுநாள் துவரை வந்தது. அதுவும் முடிந்த பிறகு, சுத்தமாக இருந்த அரிசியையே சுந்தராம்பாள் மறுபடி புடைத்தாள். நான்காம் நாள் முறம் இல்லாமல் வந்து, அறைக்குள் பாயில் உட்கார்ந்தாள்.

கடைசிப் பக்கத்தை யாரும் முன்னால் பார்க்கக் கூடாது என்று அவள் கட்டளை போட்டாள். யார் மீது சந்தேகம் என்று தினமும் சொல்ல வேண்டும். புஷ்பவல்லி, மிராசுதாரோடு வரப்புத் தகராறு செய்த பங்காளியைச் சொன்னாள். மூத்தவள் கேட்கவில்லை.

"கத்தறவன் கொல்ல மாட்டான். அவரு தங்கச்சி ஒருத்தி எல்லாருக்கும் நல்லவளா சுத்திச் சுத்தி வரா பாரு, அவளக் கவனி."

தங்கச்சிதான். தில்லைநாயகம் கடைசியில் அவள் பெயரைச் சொன்னபோது சுந்தராம்பாள் தொடையில் தட்டிக்கொண்டாள். பிறகு, அந்தத் தங்கச்சி கொல்லையில் டம்ளர் கழுவுகிற இடத்தைத் தேடி எடுத்துத் திரும்பப் படிக்கச் சொன்னாள். கதையின் தொடக்கத்திலேயே, பேச்சோடு பேச்சாக, ஒரே வரியில் அது இருந்தது.

"பாத்தியா, அப்பவே நம்ம கண்ணு முன்னாடி வெச்சிருக்காரு. நாமதான் பாக்கல. ஏமாத்தலடி இந்த மனுசன்."

அந்த 'டி'யில் கோபம் இல்லை என்பதைப் புஷ்பவல்லி கவனித்தாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு, "வா, எலை போட்டாச்சு" என்று மூத்தவள் அவளைப் பார்த்தே சொன்னாள்.

வைத்திலிங்கத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு மாலை வயலிலிருந்து வரும்போது உள்ளே இரண்டு குரலும் உயர்ந்து கேட்டன. பயந்தது நடந்துவிட்டது என்று ஓடிவந்தார்.

"என்ன சண்டை?"

"சண்டை இல்ல. மருமவன்தான் கொன்னான்னு இவ சொல்றா. நான் இல்லங்கறேன்" என்றாள் சுந்தராம்பாள்.

எந்த மருமகன் என்று கேட்க வாயெடுத்தவர், கேட்காமல் கால் கழுவப் போனார்.

பெட்டியில் இருந்த புத்தகங்கள் தீர்ந்த பிறகு அவருக்கும் ஒரு வேலை வந்து சேர்ந்தது. அரியலூர் போனாலும், பருத்தி விற்கப் பெரம்பலூர் போனாலும், புது அமிர்தகடேசன் வந்திருக்கிறதா என்று விசாரித்து வர வேண்டும். யுத்தத்தில் காகிதம் கிடைக்காமல் புத்தகம் பழுப்பாகவும் மெலிசாகவும் வந்துகொண்டிருந்த காலம். ஒரு முறை அவசரத்தில், அதே மாதிரி அட்டை போட்ட பஜனைப் பாட்டுப் புத்தகத்தை வாங்கி வந்துவிட்டார். இரண்டு மனைவிகளும் சேர்ந்தாற்போல் அவரிடம் பேச்சை நிறுத்தினார்கள். மறுவாரம் அவர் அதற்கென்றே அரியலூருக்கு வண்டி கட்டினார்.

பங்குனியில் ஒரு காலை, புஷ்பவல்லி வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். தலையைப் பிடித்துவிட்டு, எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் கொடுத்து, புருஷனிடம் போய்ச் செய்தி சொன்னதெல்லாம் சுந்தராம்பாள்தான். மறுநாள் விடிந்ததும் அவள் தன் துணிகளை மூட்டை கட்டினாள். விக்கிரமங்கலத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வருவதாகச் சொன்னாள்.

வாரம் மாதமாயிற்று. வைத்திலிங்கம் போய்க் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தனியாகத் திரும்பினார்.

"அப்புறம் வரேங்கறா. மொகத்தக் குடுத்துப் பேச மாட்டேங்கறா."

படித்துக்கொண்டிருந்த நாவல் பாதியில் நின்றிருந்தது. புஷ்பவல்லி அதைப் பல முறை கையில் எடுத்தாள். படிக்க மனம் வரவில்லை. வாய் கசந்தது, சோறு இறங்கவில்லை. அதைவிட, அறையில் தன் குரல் மட்டும் கேட்கும் என்று நினைப்பதே தாங்க முடியாமல் இருந்தது. பண்ணை வண்டிக்காரன் கருப்பண்ணன் விக்கிரமங்கலத்துக்கு விதைக்கடலை கொண்டுபோகிறான் என்று தெரிந்ததும் அவனைக் கூப்பிட்டாள்.

"அக்காகிட்ட ஒண்ணு சொல்லணும், கருப்பண்ணா. டாக்டர் வண்டி ஆத்தங்கரையில நின்ன எடத்துலயே நிறுத்தி வெச்சிருக்கேன், அவங்க வராம மேல படிக்க மாட்டேன்னு சொல்லு."

எந்த டாக்டர், எந்த ஆறு என்று கருப்பண்ணனுக்குத் தெரியாது. சொன்னதைச் சொன்னபடியே போய்ச் சொன்னான். அன்று சாயங்காலம் அதே வண்டியில், காலிச் சாக்குகளின் மேல் உட்கார்ந்து சுந்தராம்பாள் வந்து இறங்கினாள்.

"கொன்னது டாக்டர் இல்ல, கம்பவுண்டரு" என்றாள், காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே. "அங்க ஒக்காந்து யோசிச்சுட்டேன்." பிறகு புஷ்பவல்லியின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். "என்ன இப்படி எளைச்சுட்ட? சாப்புடறியா இல்லையா?"

புஷ்பவல்லி அழுதாள். சுந்தராம்பாள் அவளைத் தேற்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்.

"ஒம் மேல கோவம் இல்ல புஷ்பா. எவ்வளவு வருசம் கேட்டும் சாமி எனக்குக் குடுக்கல. அந்த ஆத்தாமைதான். அங்க போயி அழுது தீத்துட்டேன். சரி, எடு. கம்பவுண்டரா இல்லையா பாத்துருவோம்."

டாக்டர்தான். அது தெரிந்த அன்று அடுப்படியில் மூத்தவள் தோசைக்கல்லை வைத்த சத்தத்தில் அவள் வருத்தம் தெரிந்தது.

ஐப்பசியில் அடைமழை. விடியும் முன் தொடங்கிய மழையோடு புஷ்பவல்லிக்கு வலியும் கண்டது. மருத்துவச்சி குஞ்சம்மாள் வந்தாள். சுற்றுவட்டாரத்தில் பாதிப் பிள்ளைகள் அவள் கையில் பிறந்தவர்கள். அவளே பார்த்துவிட்டு, "பெரியாசுபத்திரிக்குக் கொண்டு போயிடறது நல்லதுங்க" என்றாள். கருப்பண்ணன் வண்டியைக் கட்டி முன்னால் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினான். மருதையாற்றில் தண்ணீர் பாலத்தை மூடி ஓடியது. எந்த வண்டியும் தாண்ட முடியாது.

மத்தியானத்துக்குள் புஷ்பவல்லி துவண்டுவிட்டாள். வலி வரும்போது கூட முனகினாளே தவிர, முக்கவில்லை. கண் செருகிக்கொண்டே போயிற்று.

"தூங்க வுடாதீங்க பெரியம்மா. மயங்கிட்டா நம்ம கையில இல்ல" என்றாள் குஞ்சம்மாள்.

சுந்தராம்பாள் அவள் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கன்னத்தில் தட்டினாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். சாமி பெயரெல்லாம் சொல்லிப் பார்த்தாள். கண் திறக்கவில்லை. குனிந்து காதருகே பேசத் தொடங்கினாள்.

"கேளு புஷ்பா. ஒரு பெரிய பண்ணை வூடு. கல்யாணம். முகூர்த்த நேரத்துல தட்டுல வெச்ச தாலியக் காணோம். வெளியாளு யாரும் உள்ள வரல. நம்ம தில்லைநாயகம் வெத்தல போட்டுக்கிட்டு வராரு."

புஷ்பவல்லியின் இமை அசைந்தது.

"நேரா சமையக்கட்டுக்குத்தான் போறாரு. அங்க சமையக்காரன் ஒருத்தன் கும்புடு போட்டுக்கிட்டு நிக்கிறான். ரொம்ப நல்லவன் மாதிரி. நாயகம் அவன் கையப் பாக்கறாரு. கையில மஞ்சக் கறை இல்ல. கல்யாண வூட்டு சமையக்காரன் கையில மஞ்ச இல்லைன்னா என்னடி அர்த்தம்?"

சுந்தராம்பாள் அவள் தோளை உலுக்கினாள்.

"என்ன அர்த்தம், சொல்லு."

"அவன்..." உதடு மட்டும் அசைந்தது. "சமையக்காரன் இல்ல."

"அதான். கண்ணத் தொற. இப்ப வலிக்குது பாரு, முக்கு. முக்கினாத்தான் மேல சொல்லுவேன்."

ஒவ்வொரு வலிக்கும் கதை நின்றது. வலி விட்டதும் தொடர்ந்தது. பொண்ணு வீட்டு மாமன் மீது சந்தேகம் வந்தது, போயிற்று. மாப்பிள்ளைத் தோழன் கத்திக்கொண்டே பின்கட்டு வழியாக ஓடினான். புஷ்பவல்லி பல்லைக் கடித்துக்கொண்டு, "அவன் இல்லக்கா, அவன் கத்தறான்" என்றாள்.

"அப்ப யாரு பெரியம்மா எடுத்தா?" என்று குஞ்சம்மாளும் கேட்டாள்.

"நீ ஒன் வேலையப் பாரு. நாயகம் இப்பதான் கெணத்தடிக்குப் போயிருக்காரு."

பொழுது சாய்வதற்கு முன் குழந்தை பிறந்தது. பெண். குஞ்சம்மாள் துடைத்துக் கொடுத்ததைச் சுந்தராம்பாள் இரண்டு கையாலும் வாங்கினாள். குனிந்து அதன் நெற்றியில் முகத்தை வைத்துக்கொண்டாள். நடையில் நின்ற வைத்திலிங்கம் என்ன ஆயிற்று என்று கேட்டபோது குஞ்சம்மாள்தான், தாயும் பிள்ளையும் சுகம் என்று பதில் சொன்னாள்.

கஷாயம் குடித்துச் சற்றுத் தெளிந்ததும் புஷ்பவல்லி தலையைத் திருப்பினாள்.

"அக்கா, தாலிய யாரு எடுத்தா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப கதை?"

"அமிர்தகடேசன் கதையிலேருந்தெல்லாம் ஒவ்வொரு ஆளாப் புடிச்சுக்கிட்டு வந்து ஓட்டினேன். நீ கண்ண மூடாம இருந்தா சரின்னு பாத்தேன். யாரு எடுத்தான்னு யோசிக்கறதுக்குள்ள இவ வந்துட்டா."

புஷ்பவல்லிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அடிவயிறு வலித்தது. வலியோடு சிரித்து, அப்படியே கண்ணீர் விட்டாள். அப்பா நினைவு வந்தது. சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு அவர் கேட்ட கதைகள் மகளை ஒரு நாள் பிழைக்க வைக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. எங்கேயோ பட்டணத்தில் உட்கார்ந்து எழுதிய மனிதருக்கும் தெரியாது. அவர்கள் இருவரையும் மனதுக்குள் கும்பிட்டாள். மூத்தவளின் கையை மட்டும் நிஜமாகவே பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"சும்மா இருடி" என்றாள் சுந்தராம்பாள். கையை இழுத்துக்கொள்ளவில்லை.

தீட்டுக் கழிந்ததும் ஆலந்துறையார் கோயிலுக்குப் போனார்கள். மழை விட்டு வெயில் அடித்தது. குழந்தை சுந்தராம்பாள் தோளில் தூங்கியது. குருக்கள் தேங்காயைக் கையில் எடுத்துக்கொண்டு, யார் பெயருக்கு அர்ச்சனை என்று கேட்டார். குழந்தை பெயர் ஜானகி என்று சொன்னார்கள். பிறகு வைத்திலிங்கம், சுந்தராம்பாள், புஷ்பவல்லி.

"இன்னொரு பேருங்க" என்றாள் சுந்தராம்பாள். "அமிர்தகடேசன்."

"நட்சத்திரம்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தெரியாதுங்க" என்றாள் புஷ்பவல்லி.

"திருக்கடையூர்ச் சாமி பேராச்சே, அந்தப் பக்கமோ?"

"இருக்கலாமுங்க. அவரப் பாத்ததில்ல."

குருக்கள் புரியாமல் மூத்தவள் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு என்ன உறவும்மா அவர்?"

சுந்தராம்பாள் குழந்தையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டு யோசித்தாள்.

"எங்க வூட்டுக்கு ரொம்ப வேண்டியவருங்க. அவரு நல்லா இருக்கணும்."

குருக்கள் பெயரை ஒரு முறை சரியாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு, பூவை எடுத்து மந்திரத்தைத் தொடங்கினார்.