மஞ்சள் இட்லிக்கு விஞ்ஞான விளக்கம்

விஞ்ஞானத்தை ஏழை எளியவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தே தீருவது என்று அம்பத்தூர்ப் பெரிய மனிதர்கள் சிலர் முடிவு கட்டியது எழுபத்திரண்டாம் வருஷம். அவர்களை யாரும் கேட்கவில்லை. மன்றம் என்று ஒன்று ஆரம்பித்தார்கள், ரப்பர் ஸ்டாம்பு செய்தார்கள், லெட்டர்பேடு அடித்தார்கள். சைக்கிள் ஹாண்டில்பாருக்கு முலாம் பூசும் கம்பெனியின் முதலாளி ஜம்புலிங்கம் தலைவரானார். ரிட்டயரான கல்லூரிப் பேராசிரியர் கோதண்டம் ஆஸ்தான பேச்சாளரானார். கொரட்டூர் ஏரிப் பக்கம், ஜம்புலிங்கம் கம்பெனியின் கிழக்குச் சுவரை ஒட்டிக் கிடந்த மேட்டுத் தெருதான் இவர்களிடம் முதலில் மாட்டியது.

அந்தத் தெருவில் குப்பம்மா இட்லி விற்றாள். வயல் இருந்தவரை நாற்று நட்டவள். வயலெல்லாம் தொழிற்பேட்டையான பிறகு ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு இட்லி ஊற்றிப் பிழைத்தாள். மூன்று மாதமாக அந்தப் பிழைப்பிலும் மண் விழுந்திருந்தது. தெருக் கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாகி, அதில் அரைத்த மாவும் மஞ்சளாகி, இட்லியும் மஞ்சளாக வந்தது.

"இன்னா குப்பம்மா, இட்லிக்கு மஞ்சா தேச்சிக் குளிப்பாட்டுனியா?" என்று முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிக்கவும் ஆள் வரவில்லை. தண்ணீர் சேந்துகிற பெண்களுக்கெல்லாம் கையில் புண்.

காரணம் என்னவென்று தெருவில் ஒருவருக்கும் சந்தேகம் கிடையாது. ஜம்புலிங்கத்தின் கம்பெனிக் குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு வந்து, கிணற்றுக்கு இருபதடி தள்ளி வாயைத் திறந்து வைத்திருந்தது. ஆனால் குப்பம்மா வெறுமனே கூச்சல் போடுகிறவள் இல்லை. கம்பெனியில் வேலை பார்த்த பக்கத்து வீட்டு வேம்புலியைப் பிடித்தாள்.

"முலாம் தொட்டிய என்னிக்குடா காலி பண்றீங்கோ?"

"வெள்ளிக்கெயம சாயங்காலம்க்கா. நான் சொன்னேன்னு சொல்லிகினு திரியாத. வேல பூடும்."

ஏழு வாரம் விடாமல் கவனித்தாள். வெள்ளிக்கிழமை தொட்டி காலியானால் ஞாயிற்றுக்கிழமை கிணறு மஞ்சளாகும், புதன்கிழமைவாக்கில் கொஞ்சம் தெளியும். ஆயுத பூஜைக்குக் கம்பெனியை மூடியிருந்த வாரம் மஞ்சள் ஏறவில்லை. ஏரிக்கரைக் கிணறோ ஒருநாளும் மாறவில்லை. ஒரே அரிசி, ஒரே உளுந்தை இரண்டு கிணற்றுத் தண்ணீரிலும் தனித்தனியாக அரைத்து ஊற்றினாள். ஒரு ஈடு வெள்ளை, ஒரு ஈடு மஞ்சள். எழுதப் படிக்கத் தெரியாததால் எல்லாவற்றையும் சுவரில் கரிக்கோடு போட்டு வைத்தாள். தான் செய்ததற்குப் பேர்தான் விஞ்ஞானம் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கு மேடையில் மாலைக்குக் கழுத்தை நீட்டவே நேரம் போதவில்லை.

படித்த மனிதர் ஒருவர் நாலு பேர் முன்னால் 'ஆமாம், இது குழாய் செய்கிற வேலைதான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதை வைத்துக் குழாயை அடைக்க வைத்துவிடலாம் என்று அவள் நம்பினாள். பாவம், அப்படியே நம்பினாள்.

மேட்டுத் தெருவிலேயே மேடை போட்டு மன்றத்தின் கூட்டம் நடந்தது. ஜம்புலிங்கம் குத்துவிளக்கு ஏற்றினார். வரவேற்புரை, வாழ்த்துரை, ஆளுக்கொரு பொன்னாடை எல்லாம் முடிந்து கோதண்டம் மைக்கைப் பிடித்தார். கிரகணத்தில் சூரியனைப் பாம்பு விழுங்குவதில்லை, பேய் கிடையாது, சந்திரனில் மனிதன் நடந்துவிட்டான் என்று ஒன்றரை மணி நேரம் பொழிந்தார். கடைசியில் யாருக்காவது கேள்வி உண்டா என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். குப்பம்மா இரண்டு தட்டோடு மேடையில் ஏறினாள்.

"ஐயா, இது எங்க தெருக் கெணத்துத் தண்ணில அரைச்சது. இது ஏரியாண்ட கெணத்துத் தண்ணி. அரிசியும் ஒண்ணுதான், உளுந்தும் ஒண்ணுதான். இது மட்டும் இன்னாத்துக்கு மஞ்சாவா கீது? நீங்களே பாத்துச் சொல்லுங்கோ."

ஜம்புலிங்கம் குனிந்து பேராசிரியர் காதில் ஏதோ சொன்னார். பேராசிரியர் முகத்தில் கருணை வழிந்தது. சிற்றுண்டிக்கு நன்றி என்று சொல்லி வெள்ளை இட்லித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"தாய்மார்களே! தண்ணீர் நிறம் மாறினால் மாரியம்மனுக்குக் கோபம் என்று எண்ணி நம் மக்கள் நடுங்குகிறார்கள். அம்மனுக்கும் கிணற்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இங்கே மண்ணில் இரும்புச் சத்து இருக்கிறது. உடம்புக்கு அது நல்லது. பயத்தை விட்டொழியுங்கள்!"

"அம்மன்னு யாரு சாமி சொன்னா? நான் கொயாயச் சொல்றேன்!" என்று கத்தினாள் குப்பம்மா. மைக் அவர் கையில் இருந்தது. கைதட்டலில் அவள் குரல் எடுபடவில்லை. பேராசிரியர் சட்னி தொட்டு வெள்ளை இட்லி மூன்றையும் சாப்பிட்டார். உடம்புக்கு நல்லதான மஞ்சள் இட்லியை விரலால்கூடத் தொடவில்லை.

மறுவாரம் மன்றம் அச்சடித்த நோட்டீஸை வேம்புலி படித்துக் காட்டினான். 'கிணற்று நீர் மஞ்சளானது தெய்வக் குற்றம் என அஞ்சிய மூதாட்டி ஒருவரின் மூடநம்பிக்கையைப் பேராசிரியர் தக்க விளக்கங்களால் அகற்றினார்.' குப்பம்மாவுக்கு வயது முப்பத்தெட்டு.

"எனக்கு மூடநம்பிக்க கீதுன்னு அவனுங்களே எய்தி வெச்சிட்டானுங்கோ. இருக்கட்டும். இருந்தா இன்னா ஆவும்னு காட்டறேன்."

அடுத்த வெள்ளிக்கிழமை காலை, உடைந்த குழவிக் கல் ஒன்றைக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி சுற்றி, சரியாகக் குழாய் வாய்க்குக் கீழே நட்டாள். தெருப் பெண்கள் குலவை போட்டார்கள். குப்பம்மா முடியை அவிழ்த்துவிட்டு இரண்டு சுற்று ஆடினாள். தன்னை நினைக்கத் தனக்கே கூசியது, இருந்தாலும் ஆடினாள்.

காரில் வந்துகொண்டிருந்த விஞ்ஞான மன்றத் தலைவர் குலவை கேட்டு இறங்கி, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடி வந்தார். வெள்ளி தவறாமல் மிஷினுக்குத் தேங்காய் உடைக்கிறவர் அவர்.

"தாயே! உன் தலையிலயா இத்தனை நாள் தண்ணி விட்டேன்! தெரியாம பண்ணிட்டேன், மன்னிச்சுடு!" என்று கல் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். கூட வந்த கோதண்டம் காரை விட்டு இறங்கி, இதெல்லாம் ஒரு கலாசாரம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, நெற்றியைக் குங்குமத்துக்குக் காட்டினார். அன்று சாயங்காலம் குழாயில் ஒரு சொட்டு வரவில்லை. இரண்டே நாளில் கொத்தனார் வந்து ஓட்டையை அடைத்தார்.

"நெசத்த ரெண்டு தட்டுல வெச்சிக் குடுத்தேன், சீண்டல. கொயவிக் கல்லாண்ட உயுந்து கும்புடறான்," என்று வேம்புலியிடம் சொல்லிச் சிரித்தாள் குப்பம்மா. ஒரு மாதத்தில் கிணறு தெளிந்தது, வாடிக்கைக்காரர்களும் திரும்பினார்கள். நாமும் சாமர்த்தியசாலிதான் என்று அவளுக்கே கொஞ்சம் கர்வம் வந்தது.

ஒருநாள் மத்தியானம், கம்பெனியின் மேற்குச் சுவரை ஒட்டிய பள்ளத் தெருவிலிருந்து பார்வதம் என்றொருத்தி தேடிக்கொண்டு வந்தாள். அவள் இரண்டு கையிலும் புண்.

"அக்கா, கொயாய எங்க பக்கமா திருப்பி உட்டுட்டான். எங்க கெணறும் மஞ்சாயிடுச்சி."

குப்பம்மா சுவரில் தான் போட்ட கரிக்கோடுகளைக் காட்டினாள். "என்னிக்கு என்னிக்கு ஏறுதுன்னு கோடு போட்டு வெச்சியாடி?"

"அதெல்லாம் எதுக்குக்கா? எங்க தெருவுக்கும் ஒரு அம்மன நட்டுக் குடேன்."

"நட்டா வேற பக்கம் திருப்புவான். உங்களாண்ட உட்டா அப்பால யாருடி கீறாங்கோ?"

"யாரும் இல்லக்கா. ஏரிதான். அது பெரிசு, தாங்கும்."

குப்பம்மா அவள் கைகளைப் பார்த்தாள். பிறகு எழுந்து, கொல்லைப் பக்கம் கல் தேடப் போனாள்.