கிட்டத்தில் மங்கும் லென்ஸ்

...பழைய லென்ஸுக்குள் பூஞ்சை இருந்தால் நூல் நூலாகத் தெரியும், ஓரத்திலிருந்து உள்ளே படரும், பின்பக்கமிருந்து செல்போன் டார்ச் அடித்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கணும், பார்த்தாள், தூசிதான், அது ஒன்றும் செய்யாது, இருந்தாலும் பாண்டீஸ்வரி முகத்தை மலர விடவில்லை, மலர்ந்தால் சத்தியமூர்த்தி விலையில் இறங்கமாட்டார். செக்காலை ரோட்டில் கல்யாண ஸ்டுடியோ வைத்திருக்கிறவருக்கு இவ்வளவு நீள லென்ஸ் எதுக்கு, மாப்பிள்ளை என்ன மரத்து உச்சியிலா உட்கார்ந்திருக்கிறார்... சிங்கப்பூரிலிருந்து வந்த எவனோ ஆசைக்கு வாங்கி, நாலு மயிலை எடுத்துவிட்டு இவர் தலையில் கட்டிப் போயிருக்கிறான். "ஏம்மா, வெயிட்டான சாமான், பொம்பளப்பிள்ளை தூக்கிருவியா? அப்பா யாரும் கூட வரலையா?" "வரலைண்ணே. தூக்கப்போறது நாந்தான். சூம் வளையம் நடுவுல ஏன் இறுகுது, அதைச் சொல்லுங்க." அவர் துணியை எடுத்துத் துடைக்காத இடத்தையெல்லாம் துடைத்தார். வரலை என்று எவ்வளவு சுளுவாக வந்துவிட்டது வாயில்! அப்பா வந்திருக்கிறார், ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், பேக்கரி வாசலில், "நீங்க இங்குட்டே நில்லுங்கப்பா" என்று நிறுத்திவிட்டு வந்தவளே இவள்தானே. ஏன்? கடைக்காரன் இவளை விட்டுவிட்டு அவரிடம் பேசுவான், அவர் எல்லாத்துக்கும் "சரிங்க மொதலாளி" என்பார், காலேஜில் சேரப்போனபோது அப்படித்தான், விலங்கியல் கேட்ட பிள்ளைக்கு வேறு எதையோ எழுதிக்கொடுக்க, கும்பிட்டு வாங்கிக்கொண்டு திரும்பினார், சண்டை போட்டு மாற்றியது இவள். அதனாலதான். வேற எதனால இருக்கும்...

லென்ஸைத் தன் கேமராவில் மாட்டிக்கொண்டு கடைவாசலுக்கு வந்தாள். இவளுடையது வேட்டங்குடிக் கண்மாய்க்குப் பக்கத்து ஊர், நாரையும் கொக்கும் பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர், கையிலிருந்த ஓலைவெடியை அப்பா பிடுங்கித் தண்ணீரில் போட்ட நாளில் அழுத அழுகை இன்னும் ஞாபகம் இருக்கிறது, அந்தப் பறவையை குவியல் குவியலாகப் படம் எடுத்துப் பேர் வாங்குவது யார்? சென்னையிலிருந்து காரில் வருகிறவன், கூட்டுக்குக் கீழேயே நின்று ஹாரன் அடிக்கிறவன், இவளைப் பார்த்து டீ கிடைக்குமா என்று கேட்கிறவன். வெடியை விட்டது நாங்க, படம் உங்களுதா? இந்த வருஷம் அந்தக் கண்மாயின் படம் ஊர்க்காரி எடுத்ததாக இருக்கணும், அதற்குத்தான் இந்த லென்ஸ், சும்மா இல்லை. கரண்டுக் கம்பியில் ஒரு காக்கா. அழுத்தினாள். கழுத்துச் சாம்பல் இறகு ஒவ்வொன்றாகத் தெரிந்தது, நல்ல லென்ஸ், சந்தேகமில்லை, அப்படியே இறக்கினாள், பேக்கரி, பலகை, பைக்...

அப்பா. சட்டத்தை நிறைத்துக்கொண்டு அப்பாவின் முகம். யாருடைய பைக்கிலோ கண்ணாடி பார்த்துக் குனிந்து, எச்சில் தொட்டு மீசையை ஒதுக்குகிறார், கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொள்கிறார், வேட்டியில் எதையோ தட்டிவிடுகிறார், நிமிர்ந்து கடையைப் பார்க்கிறார், மறுபடி மீசை. எதுக்கு? கூப்பிட்டால் உள்ளே வரவேண்டியிருக்குமே என்று. இத்தனை நேரமும் இதையே செய்துகொண்டிருந்தாரா? நான் நிறுத்தியதற்கு அவர் வைத்திருக்கும் காரணம் வேறயா? பொத்தானா, மீசையா, தன் கோலம் எனக்குக் கூச்சம் என்றா... விரல் அமுங்கிவிட்டது. கேமரா தன் பக்கம் நீண்டிருப்பதைப் பார்த்ததும், கூப்பிடுகிறாள் என்று எண்ணிக்கொண்டு ரோட்டைக் கடந்தார். முகம் பெரிதானது, தெளிவாகவே வந்தது, கடைப்படிக்குக் கீழே வந்து நின்றதும் மங்கிப்போனது, ஒன்பது அடிக்குள் வந்தால் இந்த லென்ஸுக்குப் பிடிபடாது, அது இதன் பழுது இல்லை, எல்லாப் பெரிய லென்ஸும் அப்படித்தான், படித்திருக்கிறாள்.

"முடிஞ்சுதா ஆத்தா? நா வரவா, இங்கனயே நிக்கவா?"

உள்ளேயிருந்து சத்தியமூர்த்தி, "யாரும்மா அது?"

முகத்தைத் திரும்பத் தெளிவாக்க ஓர் எட்டு பின்னால் வைத்தாள். வைத்த பிறகுதான் தெரிந்தது, இவள் கடைக்குள்ளே நிற்கிறாள், அவர் படிக்குக் கீழே நிற்கிறார். வாங்கப்பா என்று சொன்னால் போதும்... முதலில் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கணும்.