நாடா வைத்த கோட்டு

அன்று காலை ஏழேகாலுக்கு என் மனைவி பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கூடத்தில் ஒரு கால்சட்டைக்கு இடுப்புப் பட்டி தைத்துக்கொண்டிருந்த நான் மெஷினை நிறுத்திவிட்டேன். எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. காலையில் அவள் துப்பாக்கியை எடுத்து இடுப்பில் வைக்கிற இரண்டு நிமிடமும், சாயங்காலம் அதைக் காலி செய்து பெட்டியில் பூட்டுகிற இரண்டு நிமிடமும் யாரும் பேசக் கூடாது. மெஷின் ஓடக் கூடாது, போன் அடித்தால் எடுக்கக் கூடாது, வீடே பற்றி எரிந்தாலும் கதவைத் தட்டக் கூடாது. யாரும் என்றால் யார்? வீட்டில் இருப்பது நானும் அவளும்தான். ஆக, சட்டம் எனக்கு மட்டும். வாய் ஓயாத மனுஷனுக்கு தினம் நாலு நிமிடம் வாய்ப்பூட்டு போடுவது எவ்வளவு பெரிய தண்டனை என்று அவளுக்குத் தெரியாது. தெரியாமல் என்ன, தெரிந்துதான் போட்டிருப்பாள்.

அவள் ஒரு நீதிபதிக்குப் பாதுகாவலர். ஒன்பது வருஷமாக வலப்பக்க இடுப்பில் பிஸ்டல். துப்பாக்கி என்றதும் என் கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் "வீட்டம்மா யாரையாவது சுட்டிருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். பயிற்சித் திடலைத் தவிர அவள் எங்கேயும் சுட்டதில்லை. பார்க்கப்போனால் அவள் உத்தியோகமே சுடாமல் இருப்பதுதான். கையில் எடுத்தால் ஆள்காட்டி விரல் விசையின் பக்கமே போகாமல் மேலே நீட்டியபடி நிற்க வேண்டும். உறையில் கிடப்பதைச் சும்மா தொட்டுப் பார்க்கக் கூடாது. கழிவறைக்குப் போனால்கூட அதைக் கதவுக் கொக்கியில் மாட்டக் கூடாது. கை தவறி விழுந்தால் பிடிக்கவும் போகக் கூடாதாம். "விழுந்தா விழட்டும். பிடிக்கப் போற விரல்தான் விசையில மாட்டும்," என்பாள். இதெல்லாம் கேட்கிறபோது எனக்குக் கொட்டாவிதான் வரும். மனுஷன் இவ்வளவு பயந்து பயந்து ஒரு பொருளைச் சுமப்பதற்கு, அது இல்லாமலே போய்விடலாமே என்று நினைத்துக்கொள்வேன்.

கோட்டு விஷயத்துக்கு வருகிறேன். அலுவலகத்தில் அவளுக்குக் கொடுத்திருந்த கோட்டு ஆண்களுக்கு வெட்டியது. தோள் தொங்கும், இடுப்பில் காற்று நிரம்பும். வண்டியில் உட்கார்ந்தால் கீழ்விளிம்பு மேலே ஏறி துப்பாக்கிமேல் சுருண்டுகொள்ளும், இறங்கும்போதெல்லாம் இழுத்து இழுத்து விட்டுக்கொள்வாள். ஒரு தையல்காரன் பொண்டாட்டி மூட்டைக்குள் புகுந்த மாதிரி வேலைக்குப் போவதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது? "ஆபீஸ்ல குடுத்ததுதான் போடணும், அதுதான் ரூல்," என்றாள். அதே நிறம், அதே துணி, அதே பட்டன் தேடிப் பிடித்தேன். பதினோரு நாளில் தைத்து முடித்தேன். விளிம்பு மேலே ஏறாமல் இருக்க உள்ளே ஒரு நாடா ஓடவிட்டு, இரண்டு பக்கமும் வெளியே தொங்குகிற நுனியில் ஒவ்வொரு பிளாஸ்டிக் குமிழ் வைத்தேன். குமிழை அழுத்தினால் நாடா ஓடும், விட்டால் பிடித்துக்கொள்ளும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள், இருக்கட்டுமே. அதைப் போட்டுக்கொண்டு அவள் கண்ணாடி முன்னால் ஒரு சுற்று சுற்றினாள். ஒன்பது வருஷத்தில் வேலை உடுப்பில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதன்பிறகு ரூலைப் பற்றிப் பேச்சில்லை.

அவளுக்குத் தெரியாமல் இன்னொன்றும் நடந்தது. அவளோடு வேலை பார்க்கிற ஒருவர், நீதிமன்ற வாசலில் துப்பாக்கியோடு காவல் நிற்பவர், பனைமரத்தில் பாதி உயரம். ஒட்டகம் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். அவருக்கும் எந்தக் கோட்டும் சேராது. கடைக்கு வந்து, "எனக்கும் அதே மாதிரி ஒண்ணு, மாமா. அக்காகிட்ட சொல்லிடாதீங்க, தோலை உரிச்சிடுவாங்க," என்றார். தைத்துக் கொடுத்தேன். தொழிலில் ஒருவன் நம்மைத் தேடி வந்தால் ஒரு மிதப்பு வரத்தானே செய்யும்.

இப்போது அந்தக் காலைக்கு வருவோம். நான் வாயை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். வெடித்தது. படத்தில் கேட்கிற சத்தம் இல்லை அது. வீட்டின் உள்ளே வைத்து வீட்டையே ஒரு அறை அறைந்த மாதிரி இருந்தது. எழுந்து ஓடினேன், காலில் நாற்காலி மாட்டியது. உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "நில்லுங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. உள்ள வராதீங்க." அந்தக் குரல் அமைதியாகத்தான் இருந்தது. நான்தான் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே உலோகம் உரசுகிற சத்தம், பெட்டி மூடுகிற சத்தம், சாவி திரும்புகிற சத்தம். அப்புறம்தான் கதவு திறந்தது.

கால்சட்டையின் வலப்பக்கத் தையல் முட்டிக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குக் கருகியிருந்தது. உள்ளே கெண்டைக்காலில் இஸ்திரிப்பெட்டி பட்டாற்போல் ஒரு சிவப்புக் கோடு. தரை ஓடு பிளந்து, குண்டு அலமாரியின் அடிப்பலகையில் போய்ச் செருகியிருந்தது. இரண்டு விரற்கடை உள்ளே தள்ளிப் போயிருந்தால் என்று யோசிக்கத் தொடங்கி, யோசனையை அங்கேயே நிறுத்திக்கொண்டேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து கோட்டின் விளிம்பைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலப்பக்கக் குமிழ் சில்லுச் சில்லாகக் கிடந்தது.

"இதுதான் விசைப் பக்கம் உள்ள போயிருக்கு," என்றாள். "உறைக்குள்ள வைக்கும்போது ஏதோ இடிச்சுது. இடிச்சா நிறுத்தணும். வெளிய எடுத்துப் பாக்கணும். நான் அழுத்திட்டேன்."

"குமிழு குண்டு பட்டு உடைஞ்சிருக்கும். உன் உறைதான் பழசு, வாய் தளர்ந்துபோச்சு," என்றேன்.

அவள் போனை எடுத்தாள். நான் கையைப் பிடித்தேன். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு விடேன்மா. ஓட்டை நான் பூசிடறேன். நம்ம வீட்டுக்குள்ள நடந்தது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே," என்று சொல்லிக் கையை விடுவித்துக்கொண்டு அதிகாரிக்குப் போன் போட்டாள். நேரம், இடம், என்ன நடந்தது, எல்லாம் நாலே வாக்கியம். முடிவில், "ஆபீஸ் கோட்டு இல்ல சார், வீட்டுல தச்சது," என்றாள். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் காயம் கெண்டைக்காலோடு போயிருக்கும். இனி உத்தியோகமே ஊசலாட வேண்டியதுதான். துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு ஏதாவது கோப்பறையில் உட்கார வைப்பார்கள், அதுவும் நல்ல மனசு இருந்தால்.

மறுநாள் விசாரணை. கோட்டைக் கொண்டுவர வேண்டும், உடைந்த குமிழுக்குப் பதில் அதே மாதிரி ஒன்று, அதே நீளத்தில் தைத்துக் கொண்டுவர வேண்டும், தைத்தவரும் வர வேண்டும் என்று உத்தரவு. அன்று சாயங்காலம் கோட்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நாடாவை ஒரு அங்குலம் உள்ளே இழுத்துத் தைத்துவிட்டால் போதும், குமிழ் எந்த ஜென்மத்திலும் உறையை எட்டாது. பழி உறையின்மேல் போகும். கோட்டு பிழைக்கும், அவளும் பிழைப்பாள். அவள் எதிரில் உட்கார்ந்து காலுக்குக் களிம்பு பூசிக்கொண்டிருந்தாள்.

"உறையக் குடுத்தவருக்கு ஓய்வு பெற ரெண்டு வருஷம் இருக்கு," என்றாள், என்னைப் பார்க்காமலே.

"உறை சரியில்லன்னா அவர்தானே பொறுப்பு?"

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்," என்றாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. யாருக்கு ஆடத் தெரியாது? இருபத்தாறு வருஷமாகத் தைக்கிறேன். டேப்பை வைத்து அளந்து, நூலிழை பிசகாமல் பழைய நீளத்திலேயே தைத்தேன். நல்லவன் என்பதால் இல்லை. என் கோட்டின்மேல் எனக்குச் சந்தேகமே இல்லை. நாளைக்கு எல்லோருக்கும் முன்னால் அது நிரூபணமாகட்டும் என்று இருந்தேன்.

அவள் முன்னதாகவே போய்விட்டாள். நான் கோட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஒன்பது மணிக்கு நீதிமன்ற வாசலில் இறங்கினேன். வாசலில் ஒட்டகம், நான் தைத்துக் கொடுத்த கோட்டோடு. தோள் கத்தி மாதிரி நின்றது. என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அந்த நிலைமையிலும் எனக்குப் பெருமையாக இருந்தது, என்ன செய்ய.

விசாரணை அறையில் ஒரு மேஜை, மூலையில் இடுப்பளவு உயரத்துக்கு மணல் நிரப்பிய பீப்பாய். அதிகாரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே என்னை உட்காரச் சொன்னார். உறையைக் கொடுத்த ஆயுத அறைக்காரர் வெள்ளை மீசை, சாது. அவர்மேல்தான் பழி போடப் பார்த்தேன் என்பது முகத்தைப் பார்த்ததும் கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் சொன்னேன். "சார், உறை லூசு. என் கோட்டுல தப்பு இல்ல."

"இருக்கலாம். பாத்துடுவோம்," என்றார் அதிகாரி. வாதம் ஒன்றும் பண்ணவில்லை.

ஆயுத அறைக்காரர் பிஸ்டலை மணலை நோக்கிப் பிடித்து முதலில் தோட்டா நிரப்புகிற மேகசினை உருவினார். பிறகு மேல்பாகத்தைப் பின்னால் இழுத்து, உள்ளே எட்டிப் பார்த்து, சுண்டுவிரலை விட்டுத் தடவினார். அதிகாரியிடம் கொடுத்தார். அவரும் அதையே செய்தார். என் மனைவியிடம் கொடுத்தார். அவளும் அதையே செய்தாள். காலி வீட்டை மூன்று பேர் மாற்றி மாற்றிப் பெருக்குகிறார்களே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் கோட்டை மாட்டிக்கொண்டு, உறையை இடுப்பில் செருகிக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றாள்.

"நேத்து எப்படி வச்சீங்களோ அப்படியே," என்றார் அதிகாரி.

வைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி எடுத்து வைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. ஐந்தாவது தடவை வரை ஒன்றும் ஆகவில்லை. எனக்கு நாற்காலி கொள்ளவில்லை. "பாத்தீங்களா சார்? நான்தான் சொன்னேனே!" என்றேன். அதிகாரி விரலை மட்டும் உயர்த்தினார், இன்னும் ஒருமுறை.

ஆறாவது தடவை அவள் லேசாகத் திரும்பினாள், முந்தின நாள் காலையில் அலமாரிப் பக்கம் திரும்பியிருப்பாளே, அதே மாதிரி. நாடா ஒரு ஊசல் ஆடியது. குமிழ் போய் விசையின் வளையத்துக்குள் உட்கார்ந்தது. அளவெடுத்துத் தைத்தது போல, அதற்கென்றே நான் தைத்தது போல உட்கார்ந்தது. துப்பாக்கி உறைக்குள் முக்கால்வாசி இறங்கி நின்றது. அவள் இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

டிக்.

அவ்வளவுதான் சத்தம். சட்டைக்கு அழுத்துபட்டன் போடுகிற சத்தம். ஆயுத அறைக்காரர் மீசையைத் தடவியபடி தரையைப் பார்த்தார். யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். அதிகாரி பேனாவைத் திறந்து எழுதத் தொடங்கினார். அவளைப் பற்றி என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. என் கண்ணுக்குள் வாசலில் பார்த்த தோள் நின்றது.

"இன்னொண்ணு இருக்கு," என்றேன்.

"என்ன இன்னொண்ணு?" என்றாள் அவள்.

"கோட்டு. ஒட்டகத்துக்கு. போன வாரம் தச்சுக் குடுத்தேன். இப்ப வாசல்ல போட்டுட்டு நிக்கறார்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. நேற்று குண்டு வெடித்துக் கதவைத் திறந்தபோதுகூட அவள் முகம் அப்படி ஆகவில்லை. நேற்றைக்கே, அவள் குமிழைக் காட்டின அந்த நிமிஷமே, நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, ஏனென்றால் தப்பு உறையில்தான் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன். ஒரு நாள் முழுக்க, ஒரு ராத்திரி முழுக்க, அந்த மனுஷன் அந்தக் கோட்டோடு துப்பாக்கியை எடுத்து வைத்து எடுத்து வைத்து நடமாடிக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் கதவை நோக்கிப் பாய்ந்தேன். அவள் என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள். "ஓடாதீங்க. ஆயுதம் வச்சிருக்கறவன்கிட்ட யாரும் ஓடி வரக்கூடாது. கை தானா இடுப்புக்குப் போகும். நடங்க."

நடந்தோம். அந்தத் தாழ்வாரம் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வாசலில் முப்பது நாற்பது பேர் பைகளைச் சோதனைக்குக் கொடுத்தபடி வரிசையில் நின்றார்கள். ஒட்டகம் எங்களைப் பார்த்ததும், குட்டு உடைந்துவிட்டது என்று நினைத்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்.

"அக்கா, மாமாமேல தப்பு இல்ல, நான்தான்..."

"கையை மேல தூக்கு," என்றாள் அவள். "இடுப்புப் பக்கம் கொண்டு போகாத. சிரிக்காத. தூக்கு."

தூக்கினார். ஆறரை அடி மனுஷன், இடுப்பில் துப்பாக்கியோடு, இரண்டு கையையும் வானத்துக்கு உயர்த்தி நிற்க, வரிசை முழுக்க இரண்டு அடி பின்வாங்கியது. அவள் பக்கத்தில் வந்து கோட்டின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து உறையிலிருந்து வெளியே விலக்கினாள். நான் சட்டைப்பையிலிருந்த பாதி பிளேடை எடுத்துக்கொண்டு முட்டிபோட்டு உட்கார்ந்தேன். நாடா உள்மடிப்பில் இரட்டைத் தையலில் இருந்தது. பிரியவே கூடாது என்று நானே போட்ட தையல். இருபத்தாறு வருஷத்தில் தையல் பிரிக்கும்போது எனக்குக் கை தவறியதில்லை. அன்றைக்கு முதல் இழையிலேயே பிளேடு வழுக்கி என் கட்டைவிரலைக் கீறியது.

"மெதுவா," என்றாள்.

ஒவ்வொரு இழையாக அறுத்தேன். என் கைக்கும் துப்பாக்கிக்கும் இடையில் அவளுடைய உள்ளங்கை இருந்தது. அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. துணியை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.