தூக்கிக்கொண்டு எடை பார்க்கவும்

ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த சீட்டை லிஃப்ட் மெக்கானிக் நாலாவது தடவையாகப் படித்தான். நாலாவது தடவையும் அதேதான் எழுதியிருந்தது.

'காலை 11.30, டாக்டர். குட்டிக்கு லேசான சாப்பாடு போதும், வண்டியில் வாந்தி எடுக்கும். நகம் வெட்டவும், அடம்பிடித்தால் துண்டால் சுற்றிப் பிடிக்கவும். மாற்றுத் துணி ஒன்று. தூக்கிக்கொண்டு எடை பார்க்கவும், பிறகு உங்கள் எடையைக் கழிக்கவும். மலம் கொஞ்சம், டப்பாவில். கூடையைத் திறந்தே வைக்கவும், தானாக உள்ளே போகட்டும்.'

எழுதியவள் அவன் மனைவி. நர்ஸ். பதினைந்து வருஷம் நோயாளிகளின் அட்டையில் எழுதி எழுதி, வீட்டுக்கு எழுதும் சீட்டும் அதே பாஷையில் வர ஆரம்பித்துவிட்டது. மூன்று நாள் பயிற்சி வகுப்புக்கு வெளியூர் போயிருந்தாள். வகுப்பில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், மதியம் ஒரு மணிக்கு மேல்தான் பேச முடியும்.

டாக்டர் யாருக்கு என்பது தெரியும். பன்னிரண்டு நாளைக்கு முன் வந்த பூனையை முதன்முதலாகக் காட்டப்போகிறார்கள். அதில் குழப்பமில்லை. குழப்பமெல்லாம் மற்ற வரிகளில்தான். ஏனென்றால் அந்த வீட்டில் குட்டி என்றால் ஒரே ஆள்தான். மனைவியின் மகள், வயது ஒன்பது. அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் உண்டு, வீட்டில் அதை யாரும் தொடுவதில்லை. பூனைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. அவன் அதைப் 'பூனை' என்பான், அவள் 'இது' என்பாள்.

ஆக, ஐந்து வரி குட்டிக்கு, கடைசி வரி மட்டும் பூனைக்கு. முதன்முதலாக டாக்டரைப் பார்க்கப்போகிற பூனைக்கு ஒரே ஒரு வரிதானா, பாவம், என்று பூனைக்காக வருத்தப்பட்டான். வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் கொஞ்சம் தலையைச் சொறிந்திருப்பார்கள். ஆனால் அவன் தொழில் அப்படி. ஓடும் லிஃப்டுக்கு அடியில் நின்று வேலை பார்ப்பவன், சோதனைத் தாளில் இருப்பதை வரி வரியாகச் செய்யவேண்டும், சொந்த மூளையை மேலே வைத்துவிட்டுத்தான் கீழே இறங்கவேண்டும். அப்படி இருந்ததால்தான் பத்து விரலும் இன்னும் கையோடு இருக்கின்றன.

இன்னொரு காரணமும் உண்டு. கல்யாணமாகி நாலு மாதம்தான் ஆகிறது. அந்தச் சின்னப் பெண் அவனை இதுவரை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'உங்க வீட்ல ஃபேன் சத்தம் போடுது', 'உங்க வீட்ல சோப்பு தீந்துபோச்சு' என்று வாடகைக்கு வந்தவள் மாதிரிதான் பேசுவாள். அவளை இளக்கலாம் என்றுதான் வேலைக்கூட்டாளியின் வீட்டிலிருந்து பூனையைக் கொண்டுவந்தான். இளகினாள், பூனையிடம். இந்த மூன்று நாளில் ஒரு சின்னத் தப்புக்கூட நடக்கக் கூடாது, அவள் தன்னிடம் ஒட்டிக்கொள்ளவேண்டும் என்று அவன் ஆசைப்பட்டான். ரொம்பவே ஆசைப்பட்டான்.

காலை எட்டு மணிக்கு அவள் தட்டில் அரைத் துண்டு ரொட்டி வைத்தான்.

"இவ்ளோதானா?"

"லேசா சாப்பிட்டாப் போதும். வண்டியில போகணும்ல."

அவள் அந்த அரைத் துண்டை அப்படியே சாப்பிட்டாள். வழக்கமாக ஜாம் போதவில்லை என்று பாட்டிலைத் தன் பக்கம் இழுப்பவள். அவனுக்கு ஒரு மாதிரி இருந்தது.

அடுத்து நகம். தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, நகவெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி போனான். அடம்பிடித்தால் சுற்றிப் பிடிப்பது எப்படி என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டான். அவளோ கேட்டதும் இரண்டு கையையும் நீட்டிவிட்டாள். பத்து நகத்தையும் வெட்டி முடிக்கும்வரை அவன் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர்கிட்ட போயிட்டுத்தான் அங்க போறோமா?" என்று கேட்டாள்.

எங்கே என்று அவனுக்குப் புரியவில்லை. புரியாதபோது 'ம்' என்று சொல்வது அவன் பழக்கம். மேலதிகாரியிடம் ஆரம்பித்த பழக்கம், வீட்டுக்கும் வந்துவிட்டது.

"ம்" என்றான்.

"இதுவும் அங்கயே இருக்குமா?" பூனையைக் காட்டினாள்.

"அத டாக்டர் பாத்துட்டுச் சொல்லட்டும்" என்றான். பிறகு சீட்டு ஞாபகம் வந்தது. "குட்டிம்மா, மாத்துத் துணி ஒண்ணு எடுத்து வெச்சுக்க."

அவள் முகம் சுருங்கிப்போனது. "ஒண்ணு போதுமா?"

"ஒண்ணுதான் சொல்லியிருக்கு."

அவள் எழுந்து அறைக்குள் போனாள். கால் மணி நேரம் கழித்து எட்டிப் பார்த்தான். பள்ளிக்கூடப் பையிலிருந்த புத்தகமெல்லாம் கட்டில் மேல் கிடந்தன. பையில் ஒரு கவுன், பல் துலக்கும் பிரஷ், சுவரில் மாட்டியிருந்த அம்மாவின் போட்டோ. டாக்டரிடம் போக பிரஷ் எதற்கு? நர்ஸ் வீட்டுப் பிள்ளை, சுத்தமாக வளர்த்திருக்கிறார்கள் என்று மெச்சிக்கொண்டான். போட்டோ எதற்கு என்று கேட்டுக்கொண்டபோதுதான் அவனுக்கே விடை கிடைக்கவில்லை. மண்டை காய்ந்தது.

மலம் என்ற வரிக்கு வந்தபோது சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சமையலறையில் ஒரு சுற்று நடந்தான். பத்து வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத பிள்ளையிடம் இதை எந்த வாயால் கேட்பது? கடைசியில், கழுவின டப்பா ஒன்றைக் குளியலறை வாசலில், பார்ப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று வைத்துவிட்டு நழுவினான்.

மிச்சம் எடை. எடை மெஷினைக் கூடத்தின் நடுவில் வைத்தான். தான் மட்டும் ஏறிப் பார்த்தான், எழுபத்தொன்று.

"இங்க வாம்மா. உன்னத் தூக்கிட்டு நிக்கணும்."

"என்னையா?"

"அம்மா எழுதியிருக்கா."

அவள் வந்து நின்றாள். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். நாலு மாதத்தில் அவளை அவன் தொட்டதே நகம் வெட்டியபோதுதான், தூக்கியது இப்போதுதான். சாமான் தூக்கிப் பழகிய கைகள், அவளை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் திண்டாடின. மெஷின் மேல் ஏறினான். தள்ளாடினான். முள் தொண்ணூற்றைந்தைத் தாண்டி ஆடியது.

"விட்டுடாதீங்க" என்றாள் அவள்.

"விடமாட்டேன்."

"நெஜமா விட்டுடாதீங்க."

"விடமாட்டேம்மா. இதென்ன பெரிய கனமா? மோட்டாரையே தூக்கறவன் நான்."

அவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அரைத் துண்டு ரொட்டியோடு இருந்த பிள்ளைக்கு அவ்வளவு அழுகை எங்கிருந்து வந்ததோ. அவன் மெஷினைவிட்டு இறங்கவும் தெரியாமல், அவளை இறக்கவும் தெரியாமல், அப்படியே நின்றான்.

"மாமா வீட்ல விட்டுடாதீங்க. அம்மா இங்க, நான் மட்டும் அங்கயா?"

"எந்த மாமா?"

"நேத்து போன்ல சொன்னீங்கல்ல. மச்சான், அது எங்கிட்ட ஒட்டவே மாட்டேங்குது, கூப்பிட்டா கட்டிலுக்கு அடியில போய் உக்காந்துக்குது, நாளைக்கு டாக்டர் பாத்தப்புறமும் சரிப்படலன்னா உங்க வீட்லயே கொண்டுவந்து விட்டுடறேன்னு."

சொல்லியிருந்தான். ஒரு வார்த்தை மாறாமல் சொல்லியிருந்தான். வேலைக்கூட்டாளியிடம், பூனையைப் பற்றி. பட்டறையில் ஆளுக்கு ஆள் மச்சான்தான். ஆனால் முறைப்படி அவனுக்கு ஒரு மச்சான் இருக்கிறார், அவள் அம்மாவின் அண்ணன். இந்தக் கல்யாணத்துக்கு முன் அம்மாவும் மகளும் அவர் வீட்டில்தான் இருந்தார்கள்.

"அது பூனைடா கண்ணு! அதுன்னா பூனை!"

"என்னயும் அதுன்னுதான் சொல்லுவாங்க. அது சாப்பிடுச்சா, அது தூங்கிடுச்சான்னு. நேத்து நானும் கட்டிலுக்கு அடியிலதான் இருந்தேன், இதுகூடவே."

அவனுக்குக் காது மடல் சூடானது. ராத்திரி முழுக்க இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். காலையில் அவன் பட்டினி போட்டு, நகத்தை வெட்டி, மூட்டை கட்டவும் சொல்லியிருக்கிறான். தன்னை ஒரு அறை அறைந்துகொள்ளலாம் என்றால் இரண்டு கையிலும் அவள் இருந்தாள்.

"உன்ன எங்கயும் விடமாட்டேன். பூனையையும் விடமாட்டேன். அந்த மச்சான் இல்ல அவன், அவன் வேற மச்சான். நான் ஒரு முட்டாள். சட்டைப்பையில இருக்கு, உங்கம்மா எழுதினத எடுத்துப் படி."

அவள் அவன் தோளிலிருந்தபடியே மூக்கை உறிஞ்சிக்கொண்டு சீட்டைப் படித்தாள். துண்டால் சுற்றிப் பிடிக்கவும் என்ற இடத்தில் நின்றாள். அவன் தோளில் இன்னும் கிடந்த துண்டைப் பார்த்தாள். மேலே படித்தாள்.

"ஐயோ! இது பூனைக்குட்டிக்கு எழுதினது!" பிறகு குளியலறைப் பக்கம் திரும்பினாள். "அப்ப அந்த டப்பா?"

அவன் நிமிர்ந்து ஃபேனைப் பார்த்தான். அவள் சிரித்த சிரிப்பில் கட்டிலுக்கு அடியிலிருந்த பூனை பயந்து ஓடி, திறந்தே கிடந்த கூடைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அந்தக் காலையில் சீட்டில் எழுதியபடி நடந்தது அது ஒன்றுதான்.

அதற்குள் மணி பதினொன்று. முழு ரொட்டி ஒன்று, கை கொள்ளாத ஜாமோடு, வண்டியிலேயே சாப்பிட்டாள். வாந்தி எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அட்டை எழுதும் பெண் பேனாவை எடுத்தாள். முதல் தடவையா என்று கேட்டாள், என்ன சாப்பிடுகிறது என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் அவன் தலையாட்டினான்.

"எடை?"

"இருபத்து நாலு."

பேனா நின்றது. "கிலோவா?"

அவன் திருதிருவென்று விழித்தான். பூனையை நிறுக்கவே மறந்துபோயிருந்தார்கள்.

"அது என்னோடது" என்றாள் குட்டி, கூடையை மேஜை மேல் ஏற்றிக்கொண்டே. "எங்க வீட்ல யாரா இருந்தாலும் தூக்கி வெச்சுத்தான் எடை பாப்போம்." பிறகு அவனை நிமிர்ந்து பார்த்தாள். "அப்படித்தானே?"

எங்க வீட்ல. நாலு மாதத்தில் முதல் தடவை. இந்தத் தடவை அவனுக்கு நன்றாகவே புரிந்தது. ஆனாலும் பழக்கம் விடவில்லை.

"ம்" என்றான்.